சட்டமும் கஜானாவும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் உயிரினப் பாதுகாப்புக் கொள்கை

2001-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்வீடன் தேசத்துக் கோதன்பர்க் நகரில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள், தத்தம் நாடுகளில் ஜீவராசிகள் அருகிவருவதை 2010-க்குள் தடுத்து நிறுத்துவதெனத் தீர்மானித்தார்கள். அந்த வருஷம் வந்தது, அழிவு நிற்கவில்லை. 2011-இல் தவணை 2020-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதுவும் தவறவே, 2020 மே மாதத்தில் வெளியான மூன்றாவது திட்டம் 2030-ஐக் குறித்தது. செல்வமும் சாஸ்திர ஞானமும் நிரம்பிய ராஜ்யங்கள் இருமுறை தவறியதற்குச் சட்டங்களின் வலுவின்மையே காரணமென்று பலரும் சமாதானம் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒன்றியத்தின் சட்டம் காக்க முனைந்ததை ஒன்றியத்தின் கஜானாவே கரைத்துக்கொண்டிருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1979-இல் பறவைகளுக்கென்றும், 1992-இல் வாழிடங்களுக்கென்றும் இயற்றப்பட்ட இரு சட்டங்களின் பயனாக, ‘நேச்சுரா 2000’ என்ற பெயரால் ஒன்றியத்தின் தரைப்பரப்பில் ஏறத்தாழ 18 சதவீதம் பாதுகாப்புக்கு உட்பட்டிருக்கிறது. இவை ஏட்டளவில் நின்ற சட்டங்களும் அல்ல. போலந்தின் பியவோவியெஜா என்னும் புராதனக் காட்டில், பட்டை வண்டின் தொல்லையைக் காரணங்காட்டி, அந்நாட்டு அரசாங்கம் 2016-இல் மரவெட்டின் அளவைப் பன்மடங்கு உயர்த்தியபோது, லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர், அத்தடையை மீறினால் நாளொன்றுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ அபராதம் என்று 2017 நவம்பரில் எச்சரித்தது. அதன்பின் இயந்திரங்கள் காட்டைவிட்டு அகன்றன. 2018 ஏப்ரலில் அவ்வெட்டு சட்டவிரோதமென்றே தீர்ப்பாயிற்று. ஒரு சுதந்திர தேசத்தின் கோடரியைப் பல தேசங்களின் பொது நீதிமன்றம் தடுத்து நிறுத்திய இந்நிகழ்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆயினும், எல்லை வகுத்து அடையாளமிட்ட காட்டை அபராதத்தால் காக்கலாம். ஆயிரமாயிரம் குடியானவர்களின் வயல்களில் படிப்படியாக நிகழும் மாறுதலை எந்த நீதிமன்றம் தடுக்கும்? யுத்தத்தையடுத்த பஞ்சத்தின் நினைவு மாறாத காலத்தில், 1962-இல் தொடங்கிய பொது வேளாண் கொள்கை, இன்றும் ஒன்றியத்தின் வரவு செலவில் சுமார் மூன்றில் ஒரு பங்கைப் பெறுகிறது. அந்த மானியத்தின் பெரும்பகுதி நிலப்பரப்பின் அளவை ஒட்டியே வழங்கப்படுகிறதாதலால், நிலம் மிகுந்தவனுக்கே பணம் மிகுகிறது. அந்நிலத்தில் வானம்பாடி கூடு கட்டியதா, கௌதாரி குஞ்சு பொரித்ததா என்று கேட்பார் அரிது. 1990 முதற்கொண்டு விளைநிலப் பறவைகளும் புல்வெளி வண்ணத்துப்பூச்சிகளும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன என்றும், வேளாண் கொள்கை இச்சரிவை நிறுத்தவில்லை என்றும் ஐரோப்பியத் தணிக்கை மன்றமே 2020-இல் அறிக்கையிட்டது. 2014 முதல் 2020 வரை உயிரினப் பன்மைக்கென்று கணக்குக் காட்டப்பட்ட 8,600 கோடி யூரோவில் 6,600 கோடி இவ்வேளாண் நிதியிலிருந்தே வருவதாகச் சொல்லப்பட்டதையும், அக்கணக்கு மிகைப்பட்டது என்று தணிக்கையாளர் கண்டதையும் சேர்த்துப் பார்ப்போர்க்கு நோய்மூலம் விளங்கும்.

இதனை ஒரு சிறு பிராணியின் கதையில் தெளிவாகக் காணலாம். பிரான்ஸின் அல்சாஸ் பிரதேசத்தில், வளை தோண்டி வாழும் ஹாம்ஸ்டர் என்னும் காட்டெலி, கோதுமையும் குதிரைமசாலும் விளைந்த வயல்களில் ஒருகாலத்தில் குடியானவர்கள் பொறிவைத்துப் பிடிக்கும் அளவுக்குப் பெருகியிருந்தது. வயல்கள் பெரும்பாலும் மக்காச்சோளமாக மாற, வசந்தத்தில் துயில் கலைந்து வெளிவரும் அப்பிராணி, மறைவதற்கு ஒரு தளிரும் இல்லாத வெற்று மண்ணையே கண்டது. அதனைக் காக்கத் தவறியதற்காக 2011 ஜூனில் பிரான்ஸ் மீது ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், 2017-இல் ஸ்ட்ராஸ்பர்க் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வு மற்றொரு விபரீதத்தைப் புலப்படுத்தியது: மக்காச்சோளத்தையே பிரதான உணவாகக் கொண்ட தாய் எலிகள், நியாசின் என்னும் வைட்டமின் குறைவினால், தாம் ஈன்ற குட்டிகளை உயிரோடு தின்றன, அந்த வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்ததும் முன்போல் குட்டிகளைப் பேணின. எலியைக் காக்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். வயலில் எது விளையவேண்டும் என்பதை நிர்ணயிப்பவை சந்தையும் மானியமுமே.

2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த இயற்கை மீட்புச் சட்டம் இப்பின்னணியிலேயே மதிப்பிடத்தக்கது. சீர்கெட்ட வாழிடங்களில் 30 சதவீதத்தை 2030-க்குள்ளும், 60 சதவீதத்தை 2040-க்குள்ளும், 90 சதவீதத்தை 2050-க்குள்ளும் மீட்கத் தொடங்கவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. எஞ்சியதைக் காப்பது போதாது, இழந்ததை மீட்கவும் வேண்டும் என்பதைக் கடப்பாடாக்கியது உண்மையில் பெரிய முன்னேற்றம். ஆனால் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் 329-க்கு 275 என்ற வாக்குகளால் அது நிறைவேறிய அதே 2024-இல், டிராக்டர்களோடு வீதிக்கு வந்த விவசாயிகளின் கிளர்ச்சிக்கு இணங்கி, மானியம் பெறுவோர் விளைநிலத்தில் 4 சதவீதத்தைத் தரிசாகவோ புதர் வேலியாகவோ விடவேண்டுமென்ற நிபந்தனை கைவிடப்பட்டது. விவசாயிகளின் முறையீட்டை நான் அலட்சியம் செய்யவில்லை. விலைவீழ்ச்சியும் கடனும் நெருக்கும் குடியானவனிடம் பறவைக்கு இடங்கொடு என்று கேட்பவர்கள், அதற்குரிய ஈட்டை முதலில் அவன் கையில் வைப்பதே நியாயம். அந்த ஈட்டுக்கான பணம் இல்லாமலில்லை. பரப்பளவுக்கென்று அது இப்போதே செலவாகிவருகிறது.

உறுப்பு நாடுகள் தம் மீட்புத் திட்ட வரைவுகளை 2026 செப்டம்பர் 1-க்குள் சமர்ப்பிக்கவேண்டும். இன்றைய வேளாண் நிதி ஏற்பாடு 2027-இல் முடிவடைகிறது. மீட்புத் திட்டத்தையும் அடுத்த நிதி ஏற்பாட்டையும் வெவ்வேறு அமைச்சரகங்கள் வெவ்வேறு அறைகளில் இருந்து தீர்மானிக்குமாயின், 2030 என்ற தவணைக்கும் முந்தைய இரண்டின் கதியே நேரும். ஆதலால், மீட்புத் திட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் எந்த மானியத்தால் நிறைவேறும், எந்த மானியத்தால் முறியும் என்பதைத் திட்டத்தை ஏற்பதற்கு முன்பே ஒன்றியத்தின் ஆணையம் கணக்கிட்டு வெளியிடவேண்டும். முறிக்கும் மானியத்தை அந்தக் குடியானவனுக்கே வேறு நிபந்தனையோடு திருப்பித் தரவேண்டும்.