தஞ்சாவூர் வாளும் பரணில் கிடக்கும் சவரக்கத்தியும்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஷெஃபீல்டு மடக்குச் சவரக்கத்தி ஏதாவது கிடக்கிறதா? சிலவற்றின் அலகில் பூவேலையும் எழுத்தும் தங்க நிறத்தில் மினுங்கும். அதைப் புளி போட்டுத் தேய்க்கலாம் என்று யோசித்தால், கொஞ்சம் பொறுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் அலகை அமிலத்தால் அரித்து உருவம் எடுத்து, அதன்மேல் தங்கமுலாம் பூசினார்கள். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு இந்த வேலை சுலபமானது. முலாம் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு. நம் நாட்டு கோஃப்த்காரி வேறு வகை. எஃகைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதில் தங்கக் கம்பியை அடித்து இறக்குவார்கள்.

இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: அடியில் இருக்கும் இரும்பு. புளி தங்கத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் இரும்பை அரிக்கும். பிடிமானம் போனால் தங்கம் தானாகவே உரிந்து வந்துவிடும். ஈரம் பட்டால் தங்கத்தை ஒட்டியுள்ள இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். ஊரப்பாக்கம் ஐப்பசி மழைக்குச் சொல்லவே வேண்டாம்.

துரு எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையில் துருவேறிக் கிடந்த குவியலிலிருந்து 1863இல் சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். வால்ஹவுஸ் 1878இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். துருவை மட்டும் பார்ப்பவருக்கு வேலைப்பாடு தெரியாது, எடைதான் தெரியும்.

அதே எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வகம் வந்தது. பரமசிவன் அங்கே அரித்துப்போன செப்புத்திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டார். சவரக்கத்திக்கு அந்த முறை ஆகாது. எஃகின் மேல் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகளே முலாமைத் தூக்கிவிடக்கூடும்.

சரி, என்னதான் செய்வது? முதலில் வெட்டும் விளிம்பில் டேப் ஒட்டுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒருநாள் ஊறவிடுங்கள். பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தங்கம் இல்லாத இடத்தில் மட்டும் பல்குச்சியால் துருவை மெதுவாக நெம்பலாம். பஞ்சில் மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். பிராஸோ, கம்பிநார், விபூதி எதுவும் வேண்டாம். எல்லாமே உராய்வுப் பொடி வேலைதான். கைப்பிடி தந்தமோ கொம்போ ஆக இருந்தால் நனைக்கவே கூடாது. கடைசியாக மெல்லிய மெழுகுப் பூச்சு போதும்.

கறுத்த புள்ளிகள் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும். துரு வளராமல் நின்றால் போதும். போன தங்கத்தைப் புதிதாகப் பூசலாம், ஆனால் அது அந்தப் பழைய கைவேலை ஆகாது.