பல்குச்சியும் பாணினீயமும்: ஏழாம் நூற்றாண்டின் அயல்நாட்டுக் கல்வி

பௌத்த நூல்களைத் தேடிச் சீனத்திலிருந்து இந்தியா வந்த துறவிகளுள் பாகியானும் யுவான் சுவாங்கும் தமிழ் வாசகருக்கு நன்கு அறிமுகமானவர்கள். அவர்களுக்குப் பின் வந்த இட்சிங் பெரும்பாலும் பெயரளவில்தான் நினைக்கப்படுகிறார். முன்னவர் இருவரும் தாம் கண்ட நாடுகளையும் அரசர்களையும் திருத்தலங்களையும் விரித்துரைக்க, இவரோ உண்ணும் முறை, வாய் கொப்பளிக்கும் முறை, அமரும் முறை என மடத்து அன்றாட நடப்புகளையே நாற்பது அதிகாரங்களில் எழுதியதால், அவர் நூல் சுவை குறைந்ததாகத் தோன்றக்கூடும். ஆயினும், அயல்நாட்டில் தங்கிக் கற்பவர் முதலில் எதைக் கற்க வேண்டியிருக்கிறது என்னும் வினாவுக்கு இத்துணைத் தெளிவாக விடை தரும் பழைய நூல் கிடைப்பது அரிது.

635இல் பிறந்த இட்சிங், 671இல் குவாங்சோ துறைமுகத்திலிருந்து பாரசீகக் கப்பலொன்றில் புறப்பட்டு, இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயத்தை, அதாவது இன்றைய சுமத்ராவின் பலெம்பாங் பகுதியை அடைந்தார். அங்கே ஆறு மாதம் தங்கிச் சப்தவித்தை எனப்படும் சமஸ்கிருத இலக்கணத்தைத் தொடங்கிய பின், மலையூர், கடாரம் வழியாக 673இல் வங்கக் கரையிலிருந்த தாம்ரலிப்தியில் இறங்கினார். ஏறத்தாழ ஓராண்டு அங்கே மொழி பயின்றுவிட்டு நாளந்தா நோக்கி நடந்தபோது, நோய்வாய்ப்பட்டு உடன்வந்தோரைவிடப் பின்தங்கிய அவரைக் கள்வர் மறித்து உடுத்த ஆடையையும் பறித்துக்கொண்டனர். வெள்ளை நிறத்தவரைப் பலியிடும் வழக்கம் உண்டென்று கேள்விப்பட்டிருந்ததால், அவர் உடம்பெங்கும் சேறு பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு வழி நடந்தார். நாளந்தாவில் அவர் கற்ற காலம் ஏறத்தாழ பத்தாண்டு.

ஸ்ரீவிஜயத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் இந்தியத் துறவிகளைப் போன்றே கற்றும் ஒழுகியும் வந்ததைக் கண்ட இட்சிங், இந்தியா செல்ல விரும்பும் சீனத் துறவி ஓரிரு ஆண்டுகள் அங்கே தங்கி முறைகளைப் பழகிக்கொண்டு பின்னர் செல்வதே நன்று என்று தம் நாட்டாருக்கு எழுதினார். அயல் பண்பாட்டுக்குள் ஒருவரைத் திடுமென இறக்காமல், இடைவழியில் நிறுத்திப் பழக்கும் இவ்வேற்பாடு அவரது மிகச் சிறந்த யோசனைகளுள் ஒன்று எனலாம்.

பழக வேண்டியவை யாவை என்பதில் அவர் நூல் மிகுந்த நுணுக்கம் காட்டுகிறது. சீன மடங்களில் துறவிகள் பெரிய இருக்கைகளில் முழங்காலோடு முழங்கால் உரசச் சம்மணமிட்டு உண்டனர். இந்திய மடங்களிலோ கைகால் கழுவி, சாணம் மெழுகிய தரையில், பிரம்பு பின்னிய சிறிய தனித்தனி இருக்கைகளில் பாதம் நிலத்தில் படுமாறு அமர்ந்தனர். ஒரு கவளம் உண்டதும் உணவும் கலமும் எச்சிலாகிவிடும் என்பதும், வாய் கழுவும்வரை உண்டவர் பிறரைத் தொடலாகாது என்பதும் அவருக்கு முற்றிலும் புதியவை. எச்சில் என்னும் கருத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. சீன வாசகருக்கோ அதற்கென ஓர் அதிகாரமே தேவைப்பட்டது. குடிக்கும் நீருக்கு மண்குண்டிகையும் கழுவும் நீருக்குச் செம்பு அல்லது இரும்புக் குண்டிகையும் வேறாக வைக்க வேண்டும். காலைதோறும் நீரில் சிற்றுயிர்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பல்குச்சி சுண்டுவிரல் கனத்தில், எட்டு விரற்கடைக்குக் குறையாமலும் பன்னிரண்டு விரற்கடைக்கு மிகாமலும் இருக்க, அதன் ஒரு முனையை மென்று பல் துலக்கியபின், குச்சியைப் பிளந்து நாக்கை வழிக்க வேண்டும். சீனர் இதனை வில்லோ மரக்கிளை என்று தவறாகக் கொண்டிருப்பதை அவர் திருத்துகிறார். மீனையும் காய்கறிகளையும் பெரும்பாலும் பச்சையாக உண்ட தம் நாட்டாருக்கு, இந்தியர் காய்களை நன்கு வேகவைத்துப் பெருங்காயமும் நெய்யும் சேர்த்து உண்பதையும், வெங்காய வகைகளை விலக்குவதையும் எடுத்துரைக்கிறார்.

இத்தகையவர் கண்மூடிப் பின்பற்றியவர் என்று கருதிவிடலாகாது. சீனர் உணவை எடுத்துண்ணும் இணைக்குச்சிகளைப் பற்றி அவர் கூறும் முடிவு இதற்குச் சான்று. இந்தியாவில் வலக்கையாலேயே உண்பர். நோயுற்றவருக்குக் கரண்டி ஏற்கத்தக்கது. இணைக்குச்சியோ துறவியருக்கான ஒழுக்க விதித்தொகுப்பாகிய விநயத்தில் அனுமதிக்கப்படவும் இல்லை, விலக்கப்படவும் இல்லை. ஆதலால் மக்கள் நகைக்காத, குறைகூறாத சீனத்தில் துறவி அதனைப் பயன்படுத்தலாம், இந்தியாவில் பயன்படுத்தலாகாது என்று அவர் தீர்க்கிறார். நூல் வாய்மூடி நிற்குமிடத்தில் அவ்வூர் வழக்கத்தைத் துணைக்கொள்ளும் இம்முறை, பத்தாண்டுக் கல்வியின் கனியென்றே மதிக்கத்தக்கது.

மொழிக்கல்வியிலும் அவர் குறுக்குவழி காட்டவில்லை. இந்தியச் சிறுவர் ஆறு வயதில் நாற்பத்தொன்பது எழுத்துகளைக் கொண்ட தொடக்கநூலை ஆறு மாதத்தில் முடித்து, எட்டு வயதில் பாணினியின் சூத்திரங்களை எட்டு மாதத்தில் மனப்பாடம் செய்து, பதினைந்து வயதளவில் அவற்றின் உரைக்குச் செல்வதை வரிசையாகக் குறித்து, சீனத்திலிருந்து வருவோரும் இவ்விலக்கணத்தை முதலில் கற்காவிடில் உழைப்பு வீணாகும் என்று எச்சரிக்கிறார்.

685இல் ஏறத்தாழ நானூறு சுவடிகளுடன் நாளந்தாவை விட்ட இட்சிங், ஸ்ரீவிஜயத்தில் தங்கி மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். 689இல் மையும் தாளும் கேட்டுக் கடிதம் அனுப்பக் கப்பலுக்குச் சென்றபோது, காற்று வாய்க்கவே கப்பல் புறப்பட்டுவிட, நினையாமலே குவாங்சோ சேர்ந்து, உதவியாளர்களைத் திரட்டிக்கொண்டு அதே ஆண்டில் திரும்பினார். 695இல் லோயாங் நகரை அடைந்தவரைப் பேரரசி வூ செதியன் தாமே எதிர்கொண்டார். 713இல் மறையும்வரை அவர் மொழிபெயர்ப்புப் பணியிலேயே இருந்தார்.

ஸ்ரீவிஜயத்திலிருந்து அவர் அனுப்பிவைத்த மற்றொரு நூல், தமக்கு முன்னும் தம் காலத்திலும் இந்தியா சென்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் வரலாறு. கடாரத்திலிருந்து முப்பது நாளில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து இரண்டே நாளில் இலங்கை சேர்ந்த வூசிங் என்னும் துறவியின் பயணம் இதில்தான் பதிவாகியுள்ளது. சுவன்சாவ் என்பவர் பிரகாசமதி எனவும், தாவ்சி என்பவர் ஸ்ரீதேவர் எனவும் சமஸ்கிருதப் பெயர் பூண்டு வாழ்ந்து, இந்திய மண்ணிலேயே இறந்தனர். பிற நாட்டினருக்கு மடங்கள் இருக்க, சீனருக்கென இருந்த பழைய மடம் செங்கல் அடித்தளமாக எஞ்சியதையும், வந்தவர் தங்க இடமின்றி அலைந்ததையும் இட்சிங் வருத்தத்துடன் எழுதுகிறார். புத்தர் மென்று எறிந்த பல்குச்சியிலிருந்து முளைத்ததாகச் சொல்லப்பட்ட மரமொன்று நாளந்தாவில் இருந்தது. அங்கிருந்த சீன நூல்களைப் பார்வையிடுகையில், ஒரு சுவடியின் அடியில், பல்குச்சி மரத்தின் கீழ் இதனை எழுதியவர் கொரியாவின் சில்லா நாட்டுத் துறவி ஹேயோப் என்ற குறிப்பை அவர் கண்டார். விசாரித்தபோது, அத்துறவி அறுபது வயதளவில் அம்மடத்திலேயே இறந்துவிட்டார் என்று அங்கிருந்தோர் கூறினர். அவர் படியெடுத்த சமஸ்கிருதச் சுவடிகள் நாளந்தாவிலேயே இருந்தன.