மாட்டு வைத்தியம்: கைமருந்தும் தடுப்பூசியும்

அரியலூருக்குப் பக்கத்தில் உள்ள கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே பெருமாளாக வணங்கப்படுவது சுமார் 12 அடி உயரக் கல்கம்பம். அந்தக் கோயில் உருவான கதையில் ஒரு மாட்டுக்கும் பங்கு உண்டு. மங்கான் படையாட்சி என்பவரின் சினைமாடு காணாமல் போனதாம். தேடிப் போனால், காட்டில் கிடந்த கம்பத்தின் மேல் அது பால் சொரிந்திருந்ததாம். இன்றும் விவசாயிகள் அந்தக் கோயிலுக்குத் தானியங்களையும் ஆடு மாடுகளையும் காணிக்கையாகக் கொடுக்கிறார்கள்.

மழையை நம்பிய பூமியில் மாடு வெறும் பிராணி அல்ல. ஏர், வண்டி, எரு, பால் எல்லாமே அதுதான். அப்படிப்பட்ட மாட்டுக்கு நோய் வந்தால் நம் முன்னோர்கள் என்ன செய்தார்கள்?

முதலில் கொல்லைப்புறத்துக்குப் போனார்கள். வயிறு உப்பினால் வெற்றிலை, மிளகு, ஓமம், பெருங்காயம். புண்ணில் புழு வைத்தால் சீத்தா இலை அல்லது வேப்பெண்ணெய். தோல் நோய்க்குக் குப்பைமேனியும் மஞ்சளும். குடிக்கும் மருந்தை மூங்கில் குழாயில் ஊற்றி வாய்க்குள் விடுவார்கள். (தலையை அதிகமாகத் தூக்கி அவசரமாக ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய் மாடே செத்துவிடும். ஆக மருந்து தெரிந்தால் மட்டும் போதாது, கையும் பழகியிருக்க வேண்டும்!) உப்புசத்துக்கு எண்ணெய் ஊற்றுவதிலும் அர்த்தம் உண்டு. பசும்தீவனத்தால் வயிற்றில் உண்டாகும் நுரையை எண்ணெய் உடைக்கிறது, அடைபட்ட வாயு வெளியேறுகிறது.

இவை வாய்வழியாக மட்டும் வந்தவை அல்ல. 'மாட்டு வாகடம்' என்ற பெயரில் ஓலைச்சுவடிகள் உண்டு. நோய், மருந்து என்பதோடு சுழி பார்த்து நல்ல மாட்டைத் தேர்ந்தெடுப்பதும் அவற்றில் வரும். அதனால் இவற்றில் உள்ள எல்லாமே விஞ்ஞானம் என்று தூக்கிப் பிடிப்பது சரியல்ல. நோய்க்குச் சூடு போடும் வழக்கமும் இதே மரபில் வந்ததுதான். அது மாட்டுக்கு வேதனையே தவிர வைத்தியம் ஆகாது.

இந்த மரபு தோற்ற இடம் ஒன்று உண்டு. அதுதான் வெக்கை நோய். மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற இந்த நோய்க்குப் பச்சிலை எதுவும் எடுபடவில்லை. 1866-ல் சென்னை மாகாணத்தில் கால்நடை நோய்ச் சட்டம் வந்தது. 1871-ல் இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய்கள் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியானது. 1889-ல் புனேயில் தொடங்கிய ஆய்வுக்கூடம் பிறகு இமயமலையில் முக்தேஸ்வருக்கு மாறியது. 1920-களில் அங்கே எட்வர்ட்ஸ் ஆட்டின் உடலில் வளர்த்த வைரஸைக் கொண்டு தடுப்பூசி தயாரித்தார். 1954-ல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் இந்நோய் கடைசியாக 1995-ல் கண்டறியப்பட்டது, அதுவும் தமிழ்நாட்டில். 2011-ல் உலகமே வெக்கை நோயிலிருந்து விடுபட்டது. மனிதன் பெரியம்மைக்குப் பிறகு ஒழித்த இரண்டாவது நோய் இது. தடுப்பூசியின் வெற்றி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அந்த வெற்றியின் நிழலில் வேறொன்று நடந்தது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு மாறிய கால்நடைக் கல்லூரியிலிருந்து படித்த மருத்துவர்கள் வந்தார்கள். ஊசி வந்தது. "பாட்டி வைத்தியம்" என்பது கேலிச் சொல் ஆனது. தெரிந்தவர்கள் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

உலகம் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது 1980-களில்தான். மரபுவழிக் கால்நடை மருத்துவத்தை ஒரு தனி ஆய்வுத்துறையாக 1986-ல் அறிமுகப்படுத்தினார் அமெரிக்க மானிடவியலாளர் கான்ஸ்டன்ஸ் மெக்கார்க்கிள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி தஞ்சாவூரில் இருந்தபடி இந்த மருந்துகளை அளவு குறித்து முறைப்படுத்தினார்.

அவற்றில் புகழ்பெற்றது மடிநோய்க்கான மருந்து. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும் (ஆரத்தி நீர் சிவப்பதும் இதே மஞ்சள், சுண்ணாம்பினால்தான்). மடியில் உள்ள பாலை முழுவதும் கறந்து கழுவிவிட்டு, விழுதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை பூச வேண்டும். ஐந்து நாள் இப்படி. அலுப்பான வேலைதான். ஆனால் கணக்குப் பாருங்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் மருந்துச் செலவு ஒரு பக்கம். பாலில் மருந்து கலந்திருப்பதால் ஊசி முடிந்த பிறகும் சில நாட்கள் பாலை விற்கக் கூடாது என்ற நஷ்டம் இன்னொரு பக்கம். இரண்டே மாடு வைத்திருப்பவரால் பாலைக் கொட்ட முடியுமா? கொட்டாமல் விற்றால் அந்த மருந்து குடிக்கிற குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இந்த முறையைக் கையில் எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கோமாரிக்கும் மருந்து உண்டு. சீரகம், வெந்தயம், மிளகு ஆகியவற்றை ஊறவைத்து மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லத்தோடு அரைத்து வாயிலும் நாக்கிலும் தடவுவது. இது வைரஸைக் கொல்லும் என்பதைவிட, வாய்ப்புண்ணால் தீனி எடுக்காமல் கிடக்கும் மாட்டை மறுபடி தின்ன வைக்கும் என்று சொல்வதே பொருத்தம். தடுப்பூசியை விட்டுவிட்டு இதை நம்புவது ஆபத்து.

2019-ல் இந்தியாவுக்குள் நுழைந்த தோல் கழலை நோய் 2022-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏராளமான மாடுகளைக் கொன்றது. அந்த நோய்க்கென்று தனித் தடுப்பூசி அப்போது புழக்கத்தில் இல்லை. ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் மாடுகளுக்குப் போட்டார்கள். அதோடு பால்வள வாரியம் பரிந்துரைத்த மருந்து 10 வெற்றிலை, 10 கிராம் மிளகு, 10 கிராம் உப்பு, கொஞ்சம் வெல்லம். வெற்றிலை கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் ஏது?