போடிமெட்டில் ட்ரோன் பறக்கவிடப் போறீங்களா? முதல்ல இதை செக் பண்ணுங்க!

தேனி மாவட்டம் முந்தலில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. மேலே போனதும் புது கேமரா ட்ரோனைப் பறக்கவிடத் தோன்றும். ஆனால் முதல் முறை பறக்கவிட இது ஏற்ற இடம் இல்லை. ஏன்? எப்படித் தயாராவது?

மலையில் என்ன சிக்கல்?

திரையில் தெரியும் உயரம், ட்ரோன் கிளம்பிய இடத்தில் இருந்து கணக்கிடப்படுவது. மெட்டின் விளிம்பில் இருந்து 30 மீட்டர் மேலே ஏற்றி பள்ளத்தாக்கு பக்கம் செலுத்தினால், திரை 30 என்றே காட்டும். ஆனால் கீழே தரை பல நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும். பச்சை மண்டலத்திலேயே தரையில் இருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி வரைதான் அனுமதி இல்லாமல் பறக்கலாம். ஆக, தெரியாமலே விதியை மீறியிருப்பீங்க.

சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பும் 'ரிட்டர்ன் டு ஹோம்' வசதியிலும் இதே சிக்கல்தான். அதில் செட் செய்த உயரம் இடையில் உள்ள முகடு, மரங்களை விடக் குறைவாக இருந்தால் மோதிவிடும். நிழல் மரங்கள் அடர்ந்த ஏலத்தோட்டத்தில் விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம்.

அதனால் முதல் ஃபிளைட்டை கீழே போடி சமவெளியில், ஆட்களும் மின்கம்பியும் இல்லாத திறந்த மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

* ட்ரோன், ரிமோட், மொபைல் மூன்றுக்கும் முழு சார்ஜ். பேட்டரி உப்பியிருந்தால் பயன்படுத்தவே கூடாது.
* சாஃப்ட்வேர் அப்டேட், மேப் டவுன்லோடு இரண்டையும் முடித்துவிடுங்கள். மலையில் நெட் கிடைக்காமல் போகலாம்.
* இறக்கைகளில் விரிசல் இருக்கிறதா, குறியீடு பார்த்து சரியான மோட்டாரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாறினால் கிளம்பும்போதே கவிழும்.

கிளப்பும் முன்

* கேமரா மூடியைக் கழற்றுங்கள்.
* கார், இரும்புத் தடுப்பில் இருந்து தள்ளி நில்லுங்கள். இரும்பு திசைகாட்டியைக் குழப்பும்.
* ஜிபிஎஸ் கிடைத்து, 'ஹோம் பாயின்ட்' பதிவான பிறகே கிளப்புங்கள்.
* கண் உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஆடினால் உடனே இறக்குங்கள்.
* ட்ரோன் எப்போதும் கண்ணில் பட வேண்டும். பேட்டரி 30 சதவீதம் வந்தால் இறக்குங்கள்.

பிறகு மெட்டுக்குப் போனாலும், மூடுபனி, பலத்த காற்று இருந்தால் வேண்டாம். தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்புகள் போகும் வளைவுகளுக்கு மேலும் வேண்டாம். டிரைவரின் கவனம் சிதறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண் தேவை. 2 கிலோ வரையிலான ட்ரோனை வணிக நோக்கம் இல்லாமல் இயக்க பைலட் சான்றிதழ் தேவையில்லை. 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். எல்லையில் கேரளா பக்கம் போனாலும் இதே விதிகள்தான்.

காட்டுப் பகுதி என்றால்?

வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள். 2023 மே மாதம் கம்பத்துக்குள் அரிக்கொம்பன் யானை புகுந்தபோது, யூடியூபர் ஒருவர் விட்ட ட்ரோன் சத்தத்தில் அது மிரண்டு ஓடியது. அவர் போலீஸ் நடவடிக்கைக்கு ஆளானார். யானை நடமாட்டம் உள்ள இந்த மலையில், அந்தச் சத்தம் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.