பொந்துச் சிலந்தியின் கடி

2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த அஞ்சல் பொட்டலம் ஒன்றைச் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். தெர்மோகோல் பெட்டிக்குள் வெள்ளித் தாளும் பஞ்சும் சுற்றிய 107 குப்பிகள். உள்ளே உயிரோடு சிலந்திகள். முகவரி எங்கள் விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை. வளர்ப்புக்காக வரவழைக்கப்படும் டரான்டுலா வகை என்று செய்தி பரவியதும், ராஜபாளையத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு நாலு பேர் வந்துவிட்டார்கள். நான் விலங்கியல் வாத்தியாராக இருந்தவன். "சார், அது கடிச்சா ஆள் செத்துருவானா?" என்றார்கள்.

சாகமாட்டான் என்றேன். அது உண்மைதான். உலகில் எங்கும் டரான்டுலா கடித்து ஆள் இறந்ததாக உறுதியான பதிவு கிடையாது. ஆனால் பதில் அதோடு முடிவதில்லை.

1974இல் அய்யனார் கோயில் போகும் வழியில் அப்பா ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சப்பட்டை மாம்பழம் பழுக்கிற பருவம். காவலுக்கு வைத்திருந்த முதியவர், மரப்பொந்தில் செருகி வைத்த வெற்றிலைப் பையை எடுக்கக் கையை விட்டார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. மரப்பட்டை நிறம், முன்னங்கால்களைத் தூக்கியபோது அடியில் பளிச்சென்று மஞ்சள். விரலில் இரண்டு சொட்டு ரத்தம். பச்சிலை கட்டி, பார்வை பார்க்கிற அம்மாளிடம் வேப்பிலை அடித்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் வலி அடங்கிவிட்டது.

மறுநாள் விடியுமுன் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். "மொதலாளி, கடிச்சது கையில. இழுக்கிறது காலுல்ல!" கெண்டைக்கால் சதை முடிச்சு முடிச்சாகச் சுருண்டு நின்றதை நான் பார்த்தேன். பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் அவரைப் பார்த்த டாக்டர். செய்வினை என்றது தெரு. ஒரு வாரம் அந்த மனிதர் வலியோடு, தன் பேச்சை யாரும் நம்பாத துயரத்தையும் சேர்த்துச் சுமந்தார்.

அவர் சொன்னது சரி என்று தெரிய எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. 2014இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்திய மரச்சிலந்தி கடித்த ஒருவருக்குப் பதினைந்து மணி நேரம் கழித்துத் தசை இழுப்பு தொடங்கியிருக்கிறது. அதே பேரினம் கடித்த பழைய பதிவுகளையும் சேர்த்து 26 பேரை ஆராய்ந்ததில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இழுப்பு வந்திருந்தது. அது வரச் சராசரியாகப் பத்து மணி நேரம் ஆகியிருந்தது.

இந்தப் பேரினத்துக்கு பொசிலோதீரியா என்று பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. லண்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த போகாக் 1899இல் ஒரே மூச்சாகப் பல இனங்களுக்குப் பெயர் வைத்தார். ஒன்று அரக்கோணத்தில் பிடித்தது; ஒன்று சேலம் பக்கத்துக் காடையாம்பட்டியில். நீல நிறத்து ஒன்று ஆந்திரத்துக் குத்தியில், ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்டது. அந்த நீலச் சிலந்தி அதன்பின் நூறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001 வாக்கில் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்டார்கள். கொஞ்ச காலத்துக்குள் அது ஐரோப்பிய வீடுகளின் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தது! 2008இல் அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள். பேரினம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது 2019இல்தான். நம் மரப்பொந்தில் இருந்ததைக் கொண்டுபோய் விற்றபின் போட்ட பூட்டு அது.

அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்தவை அமெரிக்கக் கண்டத்து வகைகள். அவற்றின் கடி பெரும்பாலும் குளவிக் கொட்டு அளவுதான். ஆனால் வயிற்று ரோமத்தைப் பின்னங்காலால் உதறி வீசும். 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சிலந்தித் தொட்டியைக் கழுவிய இளைஞர் ஒருவரின் விழிக்குள் அந்த ரோமங்கள் குத்தி நின்றதை மருத்துவர்கள் கண்டார்கள். கடிக்குப் பயந்தவர் கண்ணுக்குப் பயப்படவில்லை.

எங்கள் ஊர் நாய் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2003இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், அந்நாட்டு டரான்டுலா கடித்த ஒன்பது மனிதர்களுக்கும் பெரிய கேடு இல்லை. கடிபட்ட ஏழு நாய்களும் செத்துப்போயின. சில அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். இரண்டு சம்பவங்களில் நாயைக் கடித்த சிலந்தி எஜமானரையும் கடித்திருக்கிறது. அவர்கள் பிழைத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988இல் சாம்பல் அணில் சரணாலயமாயிற்று. 2021இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அந்த மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் போகிறவர்களே, பொந்துக்குள் கையை விடாதீர்கள். அங்கிருக்கும் உயிரைப் பெட்டிக்கும் கொண்டுவராதீர்கள். கடிபட்டால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முறிமருந்து கிடையாது, வலிக்கும் இழுப்புக்கும் மருந்து உண்டு. மறுநாள் கால் இழுத்தால், முந்தின நாள் சிலந்தி கடித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.