கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்

வெளிநாட்டுல இருந்துக்கிட்டு இந்தியத் தூதரகத்துல பாஸ்போர்ட் புதுப்பிக்கிறது, நம்மள மாதிரி பொட்டி தட்டுற மக்களுக்குப் பழகிப்போன வேலை. போன மாசம் நானும் போனேன். நிரந்தர முகவரி கேட்ட இடத்துல யோசிக்காம தர்மபுரி மாவட்டம்னு எழுதிட்டு வந்தேன். வர்ற வழியிலதான் உறைச்சுது: "உனக்கு எந்த ஊர்?"ங்கிற இந்த ஒரு கேள்வி, லட்சக்கணக்கான தமிழர்களோட தலையெழுத்தையே மாத்தியிருக்கு.

கதை இலங்கையில். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகள் திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்களில் இருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். (நம்ம தர்மபுரி அப்போ சேலம் ஜில்லாவுக்குள்ளதான். தனி மாவட்டமானது 1965ல்.) இரண்டு மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்த பிறகு, 1948ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது.

இந்திய அரசியல் சட்டத்தின் 8வது பிரிவில் ஒரு வழி இருந்தது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால், வசிக்கும் நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்திலேயே குடிமகனாகப் பதிந்துகொள்ளலாம். ஆனா அது அவங்கவங்க விருப்பம்.

1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம்தான் இதைக் கணக்கு வழக்காக மாற்றியது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிங்க காணி பிரிச்ச மாதிரி!

கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் குடும்பம் குடும்பமாக பாஸ்போர்ட் கொடுத்தது. அது கைக்கு வந்த நாளிலிருந்து, பிறந்த மண்ணிலேயே அவர்கள் விசாவில் இருக்கும் அந்நியர்கள். அப்புறம் தலைமன்னாருக்கு ரயில், ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம். நிறைய பேர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் இன்றைய டான்டீ. "தாத்தா ஊரு சேலம் ஜில்லா, தர்மபுரி தாலுக்கா"ன்னு கேட்டு வளர்ந்த பேரன் யாராவது வந்திருந்தா, இங்க ஜில்லா பேரே மாறிப் போயிருக்கும்.

1984ல் யுத்தத்தால் கப்பல் நின்றது. இந்திய பாஸ்போர்ட் வாங்கியும் கிளம்பாதவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 2003ல் இலங்கை கொண்டுவந்த சட்டம்தான், ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் நீயும் இந்த நாட்டுக் குடிமகன் என்று சொன்னது. ஒப்பந்தம் போட்டு 39 வருஷம்!

நான் தூதரகத்துல வரிசையில நின்னது, என்னைக்கு வேணும்னாலும் ஊருக்குத் திரும்பலாம்ங்கிறதுக்காக. கண்டி வரிசையில நின்னவங்களுக்கு ஊரே அதுதான்.

உங்க வீட்டுப் பெரியவங்க யார்கிட்டயாவது அந்தக் கண்டி பாஸ்போர்ட் இருந்தா, பழைய பேப்பரோட பேப்பரா போட்டுடாதீங்க மக்களே.