இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தபோது, அவருள் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். கணிதமேதை இராமானுஜன் கணக்கில் ஒருபோதும் தவறியதில்லை என்று மாணவருக்குக் கூறலாமா என்பதே அவ்வினா. கூறலாகாது என்றோம். அதற்குச் சான்றாவது 293318625600 என்னும் எண்.

தன்னினும் சிறிய எவ்வெண்ணையும்விட மிகுதியான காரணிகளை உடைய எண்ணை உயர்பகு எண் எனலாம். 12 அத்தகையது, அதற்கு ஆறு காரணிகள் உள்ளன. பன்னிரண்டு காரணிகளை உடைய 60 மற்றொன்று. ஒரு நாளை 60 நாழிகையாகவும் ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்த நம் முன்னோர் வழக்கு இவ்வெண்ணின் பயனை நன்கு உணர்த்துகின்றது. (முந்திரிக் கணக்குக்கு அடிப்படையான 320 இவ்வரிசையில் சேராது. அதற்குப் பதினான்கு காரணிகளே. அதனினும் சிறிய 240க்கோ இருபது.)

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இராமானுஜன் 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே உயர்பகு எண்களைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரை இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1916இல் கேம்பிரிட்சு அவருக்கு அளித்த பட்டத்திற்கு இதுவே பெரிதும் அடிப்படையாயிற்று. போர்க்காலப் பணநெருக்கடியால் கழகம் அக்கட்டுரையை முழுமையாக அச்சிடவில்லை. எஞ்சிய பகுதி 1997இல்தான் அச்சேறியது என்பது குறிப்பிடத்தக்கது.

அக்கட்டுரையில் 6746328388800 வரையிலான 102 உயர்பகு எண்களை அவர் பட்டியலிட்டார். 195545750400க்கு 4608 காரணிகள். அதனை அடுத்து அவர் தரும் 321253732800க்கு 5376. இவ்விரண்டுக்கும் இடையில் 5040 காரணிகளுடன் நிற்கும் 293318625600 விடுபட்டுப்போயிற்று. 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் இவ்வெண் கிட்டும். பகா எண்கள் பெரிதாகப் பெரிதாக அவற்றின் அடுக்கு ஏறாது என்று அவரே நிறுவிய விதிக்கு இது முற்றிலும் இயைகின்றது. ஆகவே, பிழை கோட்பாட்டில் இல்லை. பட்டியலை வகுத்த கைக்கணக்கில்தான் உள்ளது.

இராமானுஜனைப் பற்றி நம் பாடநூல்களும் மேடைகளும் பேசுவன பெரும்பாலும் தெய்வ அருளும் கனவுமே. அவை அவரது வாழ்க்கையில் இடம்பெற்றவையே; மறுப்பதற்கில்லை. ஆயினும், கணினி இல்லாத காலத்தில் பதின்மூன்று இலக்க எண்வரை வரிசைப்படுத்திய உழைப்பு அவற்றின் நிழலில் மறைந்துவிடுகின்றது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003 முதல் சில ஆண்டுகள் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் பயின்றோர் பலருக்குப் 'பகா எண்' என்ற சொல்லே புதிது. அச்சொல்லைக் கற்பிக்க இவ்வொரு விடுபாடு போதும் எனக் கருதுகின்றோம்.

வினா எழுப்பிய ஆசிரியர் 293318625600ஐக் கரும்பலகையில் எழுதி, அடுத்த பகா எண்ணாகிய 23ஆல் பெருக்கிப் பார்த்தார். வந்த விடை 6746328388800. இராமானுஜன் பட்டியலின் இறுதி எண்.